செல்ஃப் எடுக்காத டெம்போ

உருவிப் போட்ட பழைய வயரிங் சொட்டிக்கொண்டிருந்தது.

செல்வதாஸ் முதலில் கூரையைப் பார்த்தான். வெளியே ஐப்பசி மழை கொட்டினாலும் பட்டறைத் தகரத்தில் ஓட்டை கிடையாது. போன மாதம்தான் தாரடித்து அடைத்தான். சுவர் ஆணியில் தொங்கிய அந்தக் கறுப்பு வயர்க்கட்டின் நுனியிலிருந்துதான் நீர் திரண்டு, கொஞ்சம் தயங்கி, சிமெண்டுத் தரையில் விழுந்தது. அடுத்த சொட்டைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தான். உப்பு, பாசி, டீசல். அதை உருவிய டெம்போ பத்து மாதமாக வெயிலில் காய்ந்தது. ஒரு சொட்டு ஈரம் மிஞ்சியிருக்க வழியில்லை.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு அவனுக்கு எதுவும் வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் கொட்டாவி வரும், அழ வேண்டிய இடத்தில் பசிக்கும். அத்தான் மரியானைக் குழியில் இறக்கியபோதுகூட, பாயைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு சரியில்லையே என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றான்.

டெம்போ அத்தானுடையது. ராஜாக்கமங்கலத்துக் கரையிலிருந்து சந்தைக்கு மீன் ஏற்றிய வண்டி. அதை மறுபடி ஓடவைத்தால்தான் அக்கா ஞானசெல்விக்குப் பிழைப்பு. கடல் தண்ணீர் குடித்த வயரிங்கை முழுசாக மாற்ற வேண்டும் என்று சொன்னவன் செல்வதாஸ்தான். இன்று நாளை என்று பத்து மாதம் இழுத்தவனும் அவனேதான். அக்கா காலையிலேயே வந்து பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மணி மூன்றாகியும் எழுந்திருக்கவில்லை.

"செரி ஆவுமா மக்கா?"

"ஆவும்க்கா. பழசு ஒண்ணும் விடல்ல. எல்லாம் புதுசு."

அவள் பார்வையில் படாமல் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கியிருந்தது. தொங்கிய கட்டின் டேப்பை பிளேடால் கீறினான். சாவியிலிருந்து, எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரைத் தேடிப் பிடித்தான். அதன் நடுவில், ஒரு முழத்துக்கு, தையல் நூலைவிடக் கொஞ்சமே தடித்த பச்சை வயர். கிறிஸ்மஸ் சீரியல் லைட்டின் வயர்.

போன கிறிஸ்மசுக்கு முந்தின நாள் அத்தான் வண்டியோடு வந்து நின்றார். "சாவியத் திருப்புனா டக்குன்னு சத்தம் மட்டும் கேக்குடே. சில நேரம் வண்டி எடுக்கவே மாட்டேங்கு." செல்வதாஸ் அப்போது கோவில் கோபுரத்து நட்சத்திரத்துக்கும் குடிலுக்கும் லைட் கட்டும் அவசரத்தில் இருந்தான். கையிலிருந்த நல்ல வயர் பூராவும் நட்சத்திரத்துக்குப் போய்விட்டது. மிச்சம் கிடந்த சீரியல் வயரை அறுத்து ஒட்டுப்போட்டு டேப் சுற்றினான். எஞ்சின் எடுத்தது. "பெருநாள் கழியட்டும் அத்தான், மொத்தமா மாத்திருவோம்" என்றான்.

பெருநாள் கழிந்த மறுநாள் ஞாயிறு; யாரும் கடலுக்குப் போகாத நாள். முதல் தண்ணீர் வந்து பின்வாங்கியதும் ஊர் முழுக்க மேட்டுக்கு ஓடியது. அத்தான் மட்டும் கரையில் நின்ற வண்டியை எடுக்க ஓடினார். சாவியைத் திருகிப் பிடித்தபடியேதான் வண்டிக்குள் அவரைக் கண்டெடுத்தார்கள். அலைதான் கொண்டுபோனது என்று அக்கா நம்பினாள். பச்சை வயரைப் பற்றித் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவளுக்கும் தெரிந்துவிட்டால், இவனுக்கு அப்புறம் அக்கா என்று சொல்ல ஆளில்லை.

வயரை வெட்டி எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

டக்.

டெம்போவின் அடியிலிருந்து வந்தது சத்தம். பேட்டரி மூலை மேசையில் சார்ஜில் கிடந்தது. புது வயரிங்கை இன்னும் எதிலும் மாட்டவில்லை. குனிந்து, வண்டிக்கு அடியில் கையை விட்டு, செல்ஃப் மோட்டாரைத் தடவினான். வெறும் இரும்பு. வயர் மாட்டும் திருகாணிகூட மொட்டையாக இருந்தது.

டக்.

உள்ளங்கைக்கு அடியில் இரும்பு ஒரு முறை துள்ளியது. கையை எடுக்க வேண்டும் என்று தோன்றாமல் அப்படியே வைத்திருந்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தகரத்தில் மழை, தூரத்தில் பஸ் ஹாரன், ஈரச் சாக்கின் வாடை. பிறகு மறுபடி. திருப்பி, விட்டு, ஒரு மூச்சு வாங்கி, மறுபடி திருப்பும் மனுசனின் இடைவெளி. அந்த மூச்சு போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது.

"கேக்கியா?" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

"என்னதுக்கா?"

"தெனமும் காலத்தே விடியும்போ கேக்கும், வண்டி வீட்டு முற்றத்துல நிக்கும்போ. நான் போயி பக்கத்துல நிப்பேன். கதவு மட்டும் தொறக்க வராது."

செல்வதாஸ் எழுந்து கையைத் துடைத்தான். துணி நனைந்தது.

"வண்டி எடுத்திருந்தா அவிய வந்திருப்பாவ. இல்லியா மக்கா?"

சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கரண்டுக்காரனின் குரலில்தான் பேசினான்.

"அல அம்புட்டு வேகத்துலல்லாக்கா வந்துச்சு. வண்டி எடுத்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது. வண்டில கொறையே இல்ல."

அக்கா தலையாட்டினாள். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். டெம்போவின் கிளீனர் பக்கக் கதவை இழுத்தாள்; எண்ணெய் போட்டதுபோலத் திறந்தது. ஏறி, முந்தானையை ஒதுக்கி உட்கார்ந்தாள்.

"நான் கூட இருக்கேன். நீ சோலியப் பாரு."

கதவு சாத்திக்கொண்டது.

அவன் வேலையைப் பார்த்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. புது வயரிங்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுத்தான், ஒவ்வொரு முனையாகப் பொருத்தினான், தடித்த வயரைச் செல்ஃபில் முடுக்கினான், பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டினான். ஒட்டு எங்கும் இல்லை. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வயரிங் கட்டியதில்லை. அடியில் சத்தம் நிற்கவே இல்லை. நிமிர்ந்தபோது முன்கண்ணாடியின் அடி விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது.

கோடு அசைந்தது. ஏறியது.

வெளியே மழைத்தண்ணீர் ஓடுகிறது என்று நினைத்து விரலால் துடைத்தான். கண்ணாடி காய்ந்திருந்தது. தண்ணீர் உள்ளே நின்றது. கலங்கிய, மணல் சுழலும் தண்ணீர். அக்காவின் முந்தானை மடியிலிருந்து எழும்பி மிதந்தது.

கதவை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். கைப்பிடி பெயர்ந்து கையோடு வந்தது. பெரிய ஸ்பானரை எடுத்துக் கண்ணாடியில் அடித்தான். கீறல்கூட விழவில்லை. மறுபடி. மறுபடி.

நெஞ்சுவரை. கழுத்துவரை.

அவள் தவிக்கவில்லை. இவனையும் பார்க்கவில்லை. ஆளில்லாத டிரைவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்ச வயர்க்கா. நான்தான் போட்டேன். சீரியல் வயர. நான்தான்க்கா."

உதட்டைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துச் சொன்னான். பத்து மாதத்தில் முதல் தடவையாக அழுகை வந்தது. அவள் காது தண்ணீருக்கு அடியில் இருந்தது.

கூரைவரை நிறைந்தது. அக்காவின் கூந்தல் அவிழ்ந்து மெல்லப் பரந்தது. திறந்த கண்களோடு அவள் இடது பக்கமிருந்து கையை நீட்டினாள். சாவி தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி, விட்டு, திரும்பி. அதன்மேல் அவள் கை படிந்தது. இன்னொரு கையைச் சுற்றிப் பிடிப்பதுபோல விரல்கள் அகலமாக வளைந்து மூடின. பிறகு இரண்டு பேர் பலத்தில் சாவி திரும்பியது.