துணைக்கோழி

ஊரே வேண்டாம் என்று ஒதுக்கும் அஷ்டமி, நவநீதகிருஷ்ணனுக்கு மட்டும் அட்சய திருதியை. அன்றைக்குத்தான் பத்திர ஆபீஸில் கூட்டம் இருக்காது. லாரிகள் சும்மா நிற்கும். விற்கிறவன் இறங்கி வருவான். தன் கல்யாணத்தையே கரிநாளில் வைத்து, மண்டபத்தைப் பாதி வாடகைக்குப் பிடித்த மனிதர் அவர். விருதுநகர் கடைவீதியில் அவருக்கு 'அஷ்டமி அண்ணாச்சி' என்றே பெயர். அதை அவர் பட்டமாகவே சுமந்துகொண்டு திரிந்தார்.

மனைவி பிரசவத்தில் போனபோது ஊர் அந்தக் கரிநாளைக் கைகாட்டியது. அவர் ஆஸ்பத்திரியைக் கைகாட்டினார். கையில் மிஞ்சியது ஒரே மகள், பிரீத்திகா. அவளுக்காகத்தான் இப்போது ஒரு பட்டாசுத் தொழிற்சாலையையே வாங்கியிருந்தார்.

"அதிர்ஷ்டம் தானா வந்து வாசல்ல நிக்காது பாப்பா. நாமதான் பிடறியைப் புடிச்சு இழுத்துட்டு வரணும்" என்றார் காரைத் திருப்பியபடி.

மதுரையில் வேதியியல் படித்துவிட்டு வந்திருந்த பிரீத்திகா சிரித்தாள். "திரும்பிக் கடிச்சா?"

"நாமளும் திருப்பிக் கடிக்கணும்."

ஆனைக்குட்டம் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்தது அந்தத் தொழிற்சாலை. ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஏதோ விபத்து என்று சொல்லி ஒருத்தரும் எடுக்க முன்வரவில்லை. இவர் அடிமாட்டு விலைக்கு எடுத்துவிட்டார். திறக்கிற நாளும் அவர் பாணிதான். சனிக்கிழமை, அஷ்டமி, ராகு காலம்.

கேட்டில் போர்மேன் பெத்தணன் நின்றிருந்தான். பழைய முதலாளி காலத்திலிருந்தே இங்கே இருக்கிறவன். அவன் அக்குளில் ஒரு செவலைக் கோழி.

"என்னய்யா, பூசணிக்காய் வாங்கச் சொன்னா கோழியோட நிக்கிற?"

"பூசணிக்காயும் இருக்கு மொதலாளி. இது வேற." பெத்தணன் குரலைத் தாழ்த்தினான். "இது வெள்ளைத்துரைக்கு."

"யாரு அது?"

"இங்கன மருந்து சலிச்ச ஆளு. போன வருசம் மருந்து ரூம்லயே வெடிச்சுச் செத்தாரு. வெளிய தெரிஞ்சா சீல் வச்சிருவாகன்னு, பழைய மொதலாளி அவசர அவசரமாச் சாக்குல அள்ளிக் கட்டி எரிச்சுட்டாரு. அன்னைக்குச் சனிக்கிழமை மொதலாளி. சனிக்கிழமை செத்தவுகளுக்குப் பாடையில ஒரு கோழியாவது கட்டி விடணும்ல? தொணைக்கு. பாடையே இல்ல, கோழிக்கு எங்க போக?"

"கட்டலைன்னா?"

"அவரா ஒரு ஆளத் தேடுவாரு."

பிரீத்திகா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பயங்களில்தானே அவர் வீடு கட்டினார், நிலம் வாங்கினார்! பெத்தணனின் அக்குளிலிருந்து கோழியைப் பிடுங்கி, ஆட்களுக்குச் சமைக்க வந்திருந்த அழகுமீனாவிடம் நீட்டினார்.

"நல்லா மிளகு தட்டிப் போட்டு வை."

"மொதலாளி! அது அவருக்குன்னு நேந்து வச்சது."

"அவருக்கு வாய் ஏதுலே? எனக்கு இருக்கு."

வேலையாட்கள் சிரித்தார்கள். பெத்தணன் சிரிக்கவில்லை. கடைசி அறையையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற அறைகளை விட்டுத் தள்ளி, தனியாக நின்றது அந்த மருந்து அறை. புதிதாக வெள்ளையடித்திருந்தும், வாசல் நிலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கறை வெளியே கசிந்திருந்தது.

ராகு காலத்தில் சூடம் காட்டி வேலையைத் தொடங்கினார்கள். மருந்து கலக்கும் வேலையை விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிடுவதுதான் அந்தத் தொழிலின் முறை. ராகு காலத்துக்குக் காத்திருந்ததில் அது தள்ளிப் போனது. பாதி மருந்து சலித்ததும் சாப்பாட்டு நேரம் வந்துவிட, "மிச்சத்தை மதியம் பார்த்துக்கலாம்" என்றுவிட்டார் நவநீதகிருஷ்ணன்.

வெயில் கொளுத்தியது. கருவேலங்காட்டில் ஒரு காக்கை இல்லை. வெயிலில் கூரைத் தகரம் விரிகிற சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வேப்பமர நிழலில் இலை போட்டார்கள். அழகுமீனா குழம்புச் சட்டியோடு வந்தாள். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, இந்தக் கோழி வேகவே மாட்டேங்குது. எம்புட்டு நேரமா அடுப்புல கெடக்கு, தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு."

"ஒனக்கு வெறகு வைக்கத் தெரியலன்னு சொல்லு."

அவர் தொடைக்கறியை எடுத்துக் கடித்தார்.

பல்லில் மணல் அரைபட்டது. மூக்கில் கந்தக நெடி ஏறியது. இலையோரம் துப்பினார். எச்சில் வெள்ளியாக மின்னியது.

அலுமினியப் பவுடர். மருந்து சலிக்கிறவர்களின் நகக்கண்ணில், இமை மயிரில், வேர்வையில் கலந்து கிடக்கிற அதே பவுடர்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்… சரக்… சரக்…

சல்லடை ஆடுகிற சத்தம்.

"எவன்லே அது, சாப்பாட்டு நேரத்துல சலிக்கிறவன்?" என்று அதட்டினார்.

 நிழலில் அத்தனை பேரும் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். பெத்தணன் மட்டும் இலையைத் தொடாமல், எழுந்து நின்று கடைசி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா எங்க?" என்றார்.

அழகுமீனா கடைசி அறைப் பக்கம் கைகாட்டினாள். "மருந்து ரூம்ல காத்து வர வழி பாக்கேன்னு போச்சே அண்ணாச்சி…"

ஓடினார். பெத்தணனும் பின்னாலேயே ஓடினான்.

மருந்து அறையின் வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உள்ளே போகிறவர் அதில் உள்ளங்கையை வைத்து, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தத் தகட்டில் ஒரு கை பதிந்திருந்தது. வெள்ளி நிறத்தில். பிரீத்திகாவின் கையைப் போல் இரண்டு மடங்கு பெரியது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இன்னொரு கை பதிந்தது.

அங்கே யாருமில்லை.

உள்ளே, ரப்பர் விரிப்பின் மேல் குத்தவைத்து உட்கார்ந்து ஒருவன் சலித்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு முதுகு காட்டியிருந்தான். முதுகு என்று சொல்லத்தான் வேண்டும். தோல் இருக்க வேண்டிய இடத்தில் கருகிய சாக்கு ஒட்டிக் கிடந்தது. அதன் ஓட்டைகள் வழியாக விலா எலும்புகள் வெள்ளியாக மினுங்கின. ஒரு கை சல்லடையை ஆட்டியது.

மறு கை பிரீத்திகாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அவள் கண்கள் விரிந்திருந்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவன் விரல் பட்ட இடத்தில் தோல் பொசுங்கிப் புகைந்தது.

"பாப்பா!"

நவநீதகிருஷ்ணன் பாய்ந்து மகளின் தோளைப் பிடித்து இழுத்தார். பெத்தணன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தான். அந்தப் பிடி தளரவில்லை. அவளுடைய எலும்பு 'மளுக்'கென்று முறிவது அவர் கைக்கே தெரிந்தது. மூலையில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்து அவன் தலையில் ஓங்கி அடித்தார். மண்டை, அடுப்புக்கரி மாதிரி உள்ளே நொறுங்கியது. உள்ளிருந்து ரத்தம் வரவில்லை. பவுடர் கொட்டியது. மறுபடியும் அடித்தார். தாடை கழன்று விரிப்பில் விழுந்தது.

தாடை இல்லாத அந்த முகம் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

"தொணை…"

கீழே கிடந்த தாடைதான் பேசியது.

சல்லடை இப்போது தானாக ஆடியது. வேகமாக. இன்னும் வேகமாக. கந்தகம் சூடேறுகிற நெடி அறையை நிறைத்தது. தொழிலுக்குப் புதியவர் என்றாலும் அந்த நெடியின் அர்த்தம் அவருக்குத் தெரியும்.

பொறி பறக்கப் போகிறது.

"விட்ருய்யா வெள்ளைத்துரை!" பெத்தணன் கதறினான். "சின்னப் புள்ளய்யா அது! ஒனக்கு ஒரு கோழி என்ன, ஒம்பது கோழி நான் தாரேன், விட்ரு!"

அது விடவில்லை. மகள் ஒரு சாண் உள்ளே இழுபட்டாள்.

நவநீதகிருஷ்ணன் பெத்தணனைப் பார்த்தார்.

பெத்தணனும் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மொதலாளி… வேணாம் மொதலாளி. எனக்கும் புள்ள இருக்கு."

அதிர்ஷ்டம் தானா வந்து வாசலில் நிற்காது.

பெத்தணனின் பிடறியைப் பிடித்தார். முழு பலத்தோடு முன்னே தள்ளினார். அவன் முகங்குப்புற அந்தக் கருகிய மடியில் போய் விழுந்தான். வெள்ளி விரல்கள் பிரீத்திகாவின் கையை விட்டன. பெத்தணனின் கழுத்தில் ஒவ்வொன்றாக இறங்கின.

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வாசல் வழியாகவே ஓடினார். பின்னால் பெத்தணன் கத்தவில்லை. "மொதலாளி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். அவ்வளவுதான்.

பூமி எழும்பி அவர் முதுகில் அறைந்தது.

காது அடைத்துப்போன அமைதியில், வானத்திலிருந்து செங்கல் விழுந்தது. தகரம் விழுந்தது. கடைசியாக அவர் காலடியில் ஒன்று தொப்பென்று விழுந்தது.

முழங்கையோடு அறுந்த பெத்தணனின் கை. அதன் மணிக்கட்டை, அறுந்த இன்னொரு கை இறுகப் பிடித்திருந்தது. வெள்ளி நிறக் கை.

கண் இமைத்துப் பார்த்தபோது பெத்தணனின் கை மட்டும்தான் கிடந்தது.

மதிய வெயிலில் மருந்து சூடேறிவிட்டது என்றார்கள். வெடித்த அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல அவரைத் தவிர யாரும் மிச்சமில்லை. பிரீத்திகாவுக்கு எதுவும் நினைவில் இல்லை. கேஸ் போட்டார்கள், ஜாமீனில் வந்தார். ஊர் அவரைப் பார்த்து அதிசயப்பட்டது வேறு ஒன்றுக்கு. பெத்தணனின் பாடையில் அஷ்டமி அண்ணாச்சியே தன் கையால் ஒரு செவலைக் கோழியைக் கட்டினார். புதுக் கயிறு, இரட்டை முடிச்சு. பெத்தணனின் பெண்டாட்டி பாண்டிலட்சுமி, இடுப்பில் பிள்ளையோடு, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"எம்புட்டுப் பாசம் பாருங்க மொதலாளிக்கு" என்றாள்.

சுடுகாடு வரை நடந்தே போனார். சிதையில் கோழியின் இறகு கருகுவதை, சிறகு ஒரு முறை விரிந்து அடங்குவதை நின்று பார்த்தார். பார்த்த பிறகுதான் வீடு திரும்பினார்.

முடிந்தது என்று நினைத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை. விருதுநகர் வீட்டில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாங்கி மாட்டிய நாள்காட்டியில் தாளைக் கிழித்துவிட்டு, 'நல்ல நேரம்' எப்போது என்று கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் நவநீதகிருஷ்ணன். பிரீத்திகா இன்னும் எழவில்லை. மாவுக்கட்டு போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டு போடும்போதே நர்ஸ் சலித்துக்கொண்டிருந்தாள், விரல் விரலாகப் பதிந்த அந்த வெள்ளிக்கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை என்று.

வாசலில் கொக்கரிப்பு கேட்டது.

கதவைத் திறந்தார்.

படியில் ஒரு செவலைக் கோழி நின்றிருந்தது. இறகில் பாதி பொசுங்கியிருந்தது. காலில் ஒரு கயிற்றுத் துண்டு. நுனி கருகியிருந்தது.

இரட்டை முடிச்சு.

"சூ! போ! போயிரு!" 

கோழி அவரைப் பார்த்தது. வேண்டாம் என்று பெத்தணன் திருப்பி அனுப்பிய பொருளைப் போல, நிதானமாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. மொசைக் தரையில் அது வைத்த அடியெல்லாம் வெள்ளியாகப் பதிந்தது. அந்தக் கோழிக்காலுக்குப் பக்கத்திலேயே, ஒன்றன் பின் ஒன்றாக, வெறுங்காலோடு ஒரு மனிதன் நடந்து போகிற அடிகளும் பதிந்துகொண்டே போயின.

கூடத்தைத் தாண்டின. சாப்பாட்டு மேசையைத் தாண்டின. மகளின் அறை வாசலில் கோழி மட்டும் நின்றுவிட்டது.

பூட்டிய கதவுக்குக் கீழே மற்ற அடிகள் நுழைந்தன.

உள்ளேயிருந்து பிரீத்திகாவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு வந்தது.

"அப்பா… என் கையை விடச் சொல்லுங்கப்பா."