ஏழாம் தங்கலில் வெயில்

"உங்க தம்பி மேல நல்ல வெயில்ல நின்னுட்டிருக்காருங்கம்மா. எதுக்கு இப்படிப் பதறுறீங்க?" என்றார் அலுவலர் தண்டபாணி.

கருணாம்பிகையின் தலையிலிருந்து அவருடைய மேசைமீது தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்து நடுங்கி நிற்பவளைப் பார்த்துக்கொண்டே வெயில் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க சார், உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா? நாலாம் தங்கல்ல எதிர்ல நிக்கற ஆள் தெரியலீங்க, அப்படி மூடிக் கிடக்குது. ஊசி ஊசியா மழை வேற. பதினெட்டுப் பேரைக் கையப் புடிச்சு இறக்கிக் கூட்டியாந்திருக்கேன். எந்தம்பி மருதாசலம் மட்டும் முன்னால போயிட்டான். அரைக்கைச் சட்டையோட போயிருக்கானுங்க! ஆளனுப்புங்க!"

"வானறிவி அப்படிச் சொல்லலீங்களே."

கூதல்மலைக்கு வானறிவி என்ற வானிலைக் கணினி வந்து நான்கு வருடமாகிறது. அதற்கு முன் மலையில் நட்டுவைத்த கருவிகளை யானை தள்ளியது, குரங்கு பிய்த்தது. சலித்துப்போன மலைப்பாதைத் துறை கடைசியில் மலையேறுகிறவர்களையே கருவியாக்கிவிட்டது. ஆளுக்கொரு கைப்பட்டை. வழியில் இளைப்பாற உள்ள ஏழு தங்கல்களிலும் அது ஒரே கேள்வியைக் கேட்கும்: வானிலை சொன்னபடி இருக்கிறதா? 'சரி' அல்லது 'மாறுபடுகிறது' என்று ஒப்பம் போட வேண்டும். இந்த ஒப்பங்களைப் படித்துப் படித்துத்தான் வானறிவி மறுநாளைக்கான வானிலையைத் தங்கல் வாரியாகச் சொல்லும். மாசி மாதத்துப் பின்பனியில் அடிவாரம் ஒரு மாதிரியும் உச்சி வேறு மாதிரியும் இருக்கும் மலை அது. ஸ்வெட்டர் எடுப்பதா வேண்டாமா என்பதைக்கூட வானறிவியைக் கேட்டுத்தான் ஜனங்கள் முடிவு செய்தார்கள். மருதாசலமும் கேட்டான். வேண்டாம் என்றது.

வானறிவி சிவப்பு விளக்கைக் காட்டினால்தான் மீட்புக் குழு புறப்படலாம் என்பது விதி. இப்போது பச்சை. பக்கத்துக் கொட்டகையில் மீட்புக் குழுவினர் ஆறு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய் குழியில் விழும் சத்தம் கேட்கக் கேட்க, பலகையைத் தூக்கி வீசிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

தண்டபாணி திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. மருதாசலம், வயசு அம்பது. ஒண்ணாம் தங்கல் சரி, ரெண்டு சரி... ஏழாம் தங்கலும் சரி. பன்னெண்டே முக்காலுக்கு. அவரே ஒப்பம் போட்டிருக்காரு."

"மணி இப்பப் பன்னெண்டுதானுங்களே ஆகுது?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "அது... நடக்கற வேகத்தைக் கணக்குப் போட்டு நேரத்தை அதுவே போட்டுக்கும். ஒப்பம் நெசமா எப்ப விழுந்துச்சுன்னு பாக்கறேன்." விரல் இரண்டு முறை நகர்ந்தது. "காலைல அஞ்சு அம்பது. குழு ஒப்பம். இருபது பேருக்கும் ஏழு தங்கலுக்கும் மொத்தமா. போட்டது..." நிமிர்ந்தார். "நீங்கதானுங்கம்மா."

கருணாம்பிகை குனிந்து திரையில் தன் பெயரைப் பார்த்தாள்.

மேலே சிக்னல் கிடையாது. அதனால் இறங்கி வந்தபின் குழுத் தலைவரே எல்லோருக்கும் சேர்த்து ஒப்பம் போடலாம் என்று துறை ஒரு வசதி செய்துகொடுத்திருந்தது. இறங்கி வருகிறபோது முழங்கால் கழன்றுவிடும்போல இருக்கும். அப்போது யாருக்குப் பொறுமை? எனவே ஏறும் முன்பே, டீ சொல்லிவிட்டு அது வருவதற்குள், எல்லாத் தலைவர்களும் ஏழு 'சரி'யையும் போட்டு முடித்துவிடுவார்கள். 'மாறுபடுகிறது' என்று போட்டால் தங்கலுக்குப் பதினோரு கேள்விகள் வரும். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கே தலைவியான, ஒரு தையல் விலகினாலும் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்புகிற கருணாம்பிகை, மூன்று வருடமாக இதைத்தான் செய்துவந்தாள். அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அடிவாரத்தில் நட்சத்திரம் தெரிந்தால் ஏழு தங்கலும் தெளிவு. நான்கு வருடமாக வானறிவிக்கு எல்லோருமாகச் சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

"அழிங்க! அத மொதல்ல அழிங்க!"

அழித்தார். அவள் உட்கார்ந்து, பார்த்த நாலு தங்கலுக்கும் பதினோரு கேள்விகளுக்குப் பதில் போட்டாள். எல்லாம் முடிந்ததும் வானறிவி சொன்னது: நாற்பதாயிரம் ஒப்பங்களோடு பொருந்தாத தனிப் பதிவு. ஐயத்துக்குரியது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

"ஒரு குழு சொன்னா எடுக்காதுங்க. பத்துக் குழுவாச்சும் சொல்லணும்," என்றார் தண்டபாணி. இப்போது அவர் குரலும் இறங்கியிருந்தது.

வெளியே நுழைவாயிலில் மதியக் குழுக்கள் வரிசையில் நின்றன. கருணாம்பிகை ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி, 'மாறுபடுகிறது' என்று மாற்றிப் போடச் சொன்னாள். குழுத் தலைவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சுள்ளென்று வெயில்.

"நாங்க இன்னும் ஏறவே இல்லீங்களே," என்றார் முன்னால் நின்ற பெரியவர். "பாக்காததை எப்படிங்க எழுதறது?"

அவ்வளவுதான், அவளுக்குப் பொங்கிவிட்டது. "ஏனுங்க, கொஞ்சம் முந்தி சரின்னு போட்டீங்களே, அத மட்டும் பாத்துட்டா போட்டீங்க? நெஞ்சில கைய வெச்சுச் சொல்லுங்க, இங்க ஒருத்தராச்சும் பாத்துட்டுப் போட்டிருக்கீங்களா? எல்லாருஞ் சேந்து எந்தம்பியைக் கொல்றோமுங்க. நானுந்தான்!"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோள்துண்டைத் தரையில் விரித்து அதன்மீது உட்கார்ந்தார். "கேள்வியப் படிக்கறேன். நீங்க சொல்லச் சொல்லப் போடறேனுங்க."

பன்னிரண்டு தலைவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, பார்க்காத பனியை, படாத காற்றை, நனையாத மழையைப் பதிவு செய்தார்கள். ஒன்று இருபதுக்கு விளக்கு சிவந்தது. கேரம் காய்களை அப்படி அப்படியே போட்டுவிட்டு ஆறு பேரும் கயிறும் கம்பளியுமாக ஓடினார்கள்.

ஐந்து மணிக்கு மருதாசலத்தைத் தூக்கி வந்தார்கள். ஆறாம் தங்கலுக்குக் கீழே ஒரு பாறையிடுக்கில் சுருண்டு கிடந்தானாம். உயிர் இருந்தது. பாதம் இரண்டும் மரத்து வெளுத்திருந்தன. ஆம்புலன்சில் அந்தக் கால்களை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே அவள் வாய்விட்டு அழுதாள்.

கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் தண்டபாணி கையிலிருந்த டேப்லெட் திரையை நீட்டினார். "ஒரே ஒரு ஒப்பமுங்கம்மா. இது போட்டாத்தான் வண்டியை விட முடியும்."

அதில் எழுதியிருந்தது: 'வானிலை பிற்பகல் 1.20க்குத் திடீரென மாறியது. அதுவரை ஏழு தங்கலிலும் தெளிவு. முன்னறிவிப்பில் பிழை இல்லை.'

"பொய்யிங்க சார் இது! காலைல எட்டு மணிக்கே மூடிருச்சு."

"எனக்குந் தெரியுமுங்க. மாறுபடுதுன்னு போடுங்க, நான் வேண்டாங்கல. மறுபடி ஏழு தங்கலுக்கும் கேள்வி வரும்."

மருதாசலத்தின் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரனை அடித்தார். கருணாம்பிகை 'சரி'யை அழுத்தினாள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வார்டுத் தொலைக்காட்சியில் கூதல்மலை பளிச்சென்று தெரிந்தது. ஏழு தங்கலிலும் தெளிவு, ஸ்வெட்டர் தேவையில்லை, இரண்டாயிரம் பேர் ஏறுகிறார்கள் என்றது அறிவிப்பு.

கட்டுப்போட்ட கால்களோடு படுத்திருந்த மருதாசலம் கொதித்துப்போனான். "கூறுகெட்ட மெஷினு! நேத்து நான் அந்தப் பாடு பட்டும் இதுக்கு எவன்க்கா இப்படிச் சொன்னவன்?"

கருணாம்பிகை கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள்.