ஊசி போடாத எலி

"எலிக்கு வைத்தியம் பாக்கிறவ, கட்டின புருசனுக்குப் பாக்க மாட்டியாடி?"

பென்னலூர் வீட்டில் காலைக் காபிகூட இறங்காத நேரத்தில் மாமியார் கிளாரா ஆரம்பித்துவிட்டாள். வாசலில் டாக்ஸி நின்றது. சின்ன மகன் மரியஜோசப், அண்ணன் பென்சனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வரும்போது கன்டெய்னர் லாரி இடித்துத் தலையில் அடிபட்டவன் பென்சன். போன வருடம் நடந்த அந்த விபத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். சென்னையில் யாரோ ஒரு டாக்டர் முதுகில் ஸ்டெம் செல் ஊசி போட்டு எழுப்பிவிடுவாராம். அங்கே கூட்டிப்போகத்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

பென்சனின் மனைவி சில்வியா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"வழி விடு அண்ணி. டாக்டர் கேரண்டி குடுக்கிறாரு," என்றான் ஜோசப்.

"மூளையில அடிபட்டதுக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாது ஜோசப்."

"முடியாதா? உங்க லேப்புல எலி எழுந்து நடந்துச்சுன்னு நீதானே சொன்ன?" கிளாரா விடுவதாக இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும். தண்டலத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள் சில்வியா. மூளையில் அடிபட்ட எலி நடந்தது என்று, சந்தோஷம் தாங்காமல் வீட்டில் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து கிளாராவுக்கு ஒரே முடிவு: மருந்து இருக்கிறது, மருமகள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"நல்லா இருந்தப்போ உன்னை வேலைக்குப் போகாதன்னான். இப்ப வாயில்லாம கெடக்கிறான், உனக்கு வசதியா கீது. சாயங்காலமானா அவனை மாடு மாதிரி தெருவுல இழுத்துக்கினு வேற போற. நெஞ்சுல ஈரமே கிடையாதா உனக்கு?"

சில்வியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

"எலும்புக்கு ஜெல் செய்யிற ஆராய்ச்சி எனக்கு முடியப்போற நேரம் அத்த. இவர் விழுந்ததும் அதைத் தூக்கிப் போட்டுட்டு மூளைப் பக்கம் வந்து மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். என்கூடப் படிச்சவங்க எல்லாம் டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க. யாருக்காக? சொல்லுங்க..."

கிளாரா அயரவில்லை. "அப்ப அந்த மருந்தைப் போட வேண்டியதுதானே?"

"அடிபட்ட இடம் மூளையில பள்ளமாயிடும். சும்மா செல்லை விட்டா, பந்தல் இல்லாத புடலங்கொடி மாதிரி வாடிடும். அதனால ஜெல்லால பந்தல் போட்டு அதுல செல்லை ஏத்துறோம். இந்த டாக்டர் முதுகுல குத்தினா அது எங்க போய் ஒட்டும்?"

"உன் எலிக்கு ஒட்டுச்சே."

"அந்த எலி இப்ப இல்ல அத்த. நான்தான் கொன்னேன்."

ஜோசப்பின் கை சட்டைப் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

"மூளையை வெட்டிப் பாத்தாத்தான் ஒட்டுச்சான்னு தெரியும். கொஞ்சம் ஒட்டியிருந்தது. மிச்சமெல்லாம் செத்துக் கெடந்தது. நேத்து இன்னொண்ணும் தெரிஞ்சுது... அதே மாதிரி அடிபட்டு, ஊசியே போடாத எலிகளும் அதே அளவு நடந்திருக்கு."

"ஊசி போடாம எப்படிடி நடக்கும்?"

"எல்லா எலியையும் தினமும் நடக்க வெச்சோம். விழ விழ நடக்க வெச்சோம். அதைத்தான் நான் இவருக்குச் செய்யிறேன், நீங்க மாடுன்றீங்க." சில்வியா பென்சனின் வலது காலைக் காட்டினாள். "என் வேலை தோத்துக்கிட்டுத்தான் இருக்கு அத்த. அது ஜெயிக்கிற வரைக்கும் இவர் காலு செத்துப்போகக் கூடாது. அவ்வளவுதான்."

வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அவரைப் போகச் சொல்லுடா," என்றாள் கிளாரா.

விபத்துக்குப் பிறகு மகனைக் குழந்தைபோலத் தூக்கித் தூக்கியே உட்காரவைத்தவள் அவள். இன்று பென்சன் வழக்கம்போல் கையை நீட்டினான். கிளாரா பின்னால் நகர்ந்தாள்.

"எந்திரிடா."

அவன் புரியாமல் பார்த்தான்.

"யாரும் தூக்க மாட்டாங்க. நீயே எந்திரி." அதட்டல் குரல்தான், கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

பென்சன் சுவரைப் பிடித்து எழுந்தான். முழங்கால் மடங்கியது. பாய்ந்து வந்த ஜோசப்பின் கையைக் கிளாரா தட்டிவிட்டாள். "பக்கத்துல நில்லு. தொடாத."

பென்சன் மறுபடி நிமிர்ந்து வலது காலைத் தரையோடு இழுத்தான். கிளாராவால் சும்மா நிற்க முடியவில்லை. மருமகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

"நான் ஓடிப்போய்த் தூக்கிடுவேன்டி... என்னைக் கெட்டியா புடிச்சுக்க."

சில்வியா மாமியாரை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள்.