காசு கேட்டால் வருவீங்களோ?

மழை என்றால் ஹட்டன் மழை... குடையை மதிக்காத மழை. புடவைக்கடை வேலை முடிந்து பஸ்ஸுக்கு ஓடிய பூரணி, கண்ணில் பட்ட மாடிப்படியில் ஏறி, மேலிருந்து இறங்கியவன் மேல் மோதியே விட்டாள்.

"கண்ணு தெரியலீங்களா?"

"எனக்குத் தெரியுது. மோதினது நீங்கள்தான்... நனைஞ்சிட்டீங்கள், உள்ள வந்து இருங்கோ. இன்டர்நெட் நிலையம். காசில்லை."

காசில்லையா? சும்மா கொடுக்க இவனுக்கென்ன பைத்தியமா? முறைத்தாள். அவன் சிரித்தான். அந்தக் கண்கள்... பாழாய்ப்போன கண்கள்!

ஆரூரன், யாழ்ப்பாணத்துக்காரன். ஒரு தொண்டு நிறுவனம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் திறந்த அந்த அறைக்கு அவன்தான் பொறுப்பு. பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு எல்லாம் தேடித் தருவான். ஞாயிறு கடை லீவு. பூரணி தவறாமல் போனாள். வேலையா தேடினாள்? ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவனையல்லவா பார்த்தாள்.

"போன கிழமையும் இதே பக்கம்தானே பார்த்தனீங்கள்?"

"எழுத்து சின்னதா இருக்குங்க... மெதுவாத்தான் படிக்கணும்."

பிறகுதான் சனியன் வந்தது. இலவசத்தை நிறுத்தினால் காசு கொடுத்து வருவார்களா என்று கேட்டு எழுதச் சொன்னது கொழும்புத் தலைமை அலுவலகம். ஆரூரன் ஒவ்வொருவராகக் கேட்டான். எல்லோரும் "குடுக்கிறோம்ங்க" என்றார்கள். தோட்டத்து விடிகாலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும்போது, எதற்கும் "சரிங்க" என்றே பழகிய வாய்கள் அல்லவா? பூரணியும் அதையே சொன்னாள். இல்லை என்றால் ஓசிக்கு அலைபவள் என்று நினைத்துவிடுவானே... ரோஷம்!

கட்டணம் வந்தது. ஒரு குருவிகூடப் படியேறவில்லை. சம்பளம் அப்பாவின் மருந்துக்கே காணாது. பூரணி எதை வைத்து ஏறுவாள்? ஒருநாள் கீழ்க்கடையில் ஆரூரன் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. "சும்மா எண்டால்தான் வருவினம். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு."

அவள் வந்த வழியே திரும்பினாள். அதன்பின் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

நிலையத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது ரோஷம் எங்கே போனதோ... ஓடினாள். கொம்பியூட்டர்கள் லொறியில் ஏறிவிட்டன. வெறும் அறையில் அவன் மட்டும் நின்றான்.

"என்னைக் கொழும்புக்கு மாத்திப்போட்டினம். குடுப்பன் எண்டு நீங்களும் சொன்னீங்கள்தானே... நம்பி எழுதினன்."

"இல்லைன்னு சொல்ல வாய் வரலங்க. கையில காசில்லாதவளா உங்க முன்னால நிக்க முடியல."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"காசு குடுப்பீங்களான்னுதான் கேட்டீங்க. ஏன் வர்றேன்னு கேக்கவே இல்லியே..."

"இப்ப கேக்கிறன். ஏன் வந்தனீங்கள்?"

"உங்களைப் பாக்கத்தாங்க."

ஆரூரன் சுவரில் சாய்ந்துவிட்டான். கீழே லொறிக்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தான். இனி என்ன சொல்லி என்ன? சொல்லாமலும் அவனால் போக முடியவில்லை.

"ஞாயிறு எனக்கும் லீவுதான், பூரணி... உங்களுக்காகத்தான் கதவைத் திறந்தனான்."