மூங்கில் புதருக்குள் மராத்திக் குரல்

விஸ்வேஸ்வரன் சுட்ட பன்றி மராத்தியில் அலறியது.

"ஆயி க...!"

கொக்குகள் கலைந்து பறந்தன. மூங்கில் புதர் ஒருமுறை குலுங்கி, ஓய்ந்தது.

2004, ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை காலை.

விஸ்வேஸ்வரன் கோயமுத்தூர்க்காரர். புனேவின் பாணேர் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். துப்பாக்கியைத் தொடுவது இதுதான் முதல் தடவை. புனேவுக்கு வெளியே, முளா ஆற்றங்கரையில் மரம் அடர்ந்த நாலு ஏக்கரைப் போன மாதம்தான் வாங்கியிருந்தார். கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம், யாருக்கும் தெரியாமல் பன்றியும் சுடலாம் என்று ஆசை காட்டி விற்றவன் புரோக்கர் ஹரிபிரசாத். புனேவிலேயே, கோர்படியில் பிறந்து வளர்ந்த தமிழன். துப்பாக்கியும் தோட்டாவும்கூட அவனுடையவை.

அவன்தான் முதலில் புதரை நோக்கி ஓடினான்.

புதருக்குள் ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். சட்டை முழுக்க ரத்தம்.

ஹரிபிரசாத் குனிந்து நாடி பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஏனோ முகம் குழம்பியது.

"என்னாச்சு?"

"போயிட்டான் சார்."

விஸ்வேஸ்வரன் துப்பாக்கியைக் கீழே போட்டார். "புதர் ஆடுது, பன்னிதான், அடிங்கன்னு நீதானய்யா சொன்னே..."

"சொன்னேன். ட்ரிகரை அமுக்கினது நீங்க. வேட்டையே குற்றம் சார். இது மர்டர். போலீஸ் மராத்தியில அடிப்பான், உங்களுக்குத் தமிழ்ல வலிக்கும்."

"நான்... நான் என்ன பண்றது?"

"நிலத்தை எனக்கே திருப்பி எழுதிக் குடுத்துட்டு ஊரைப் பாக்கப் போயிடுங்க. பாடியை நான் பாத்துக்கறேன். ஸ்டாம்ப் பேப்பர் ஜீப்ல இருக்கு."

"அதுக்குள்ளயா?"

"எனக்கு முன்யோசனை ஜாஸ்தி சார்."

அந்த நிலத்தை ஒட்டிப் பெரிய சாலை வரப்போகும் செய்தி, விற்ற பிறகுதான் ஹரிபிரசாத்தின் காதுக்கு எட்டியிருந்தது. விஸ்வேஸ்வரனுக்கு இன்னும் எட்டவில்லை.

ஜீப் பானட்டின் மேல் காகிதத்தை விரித்து, பேனாவைத் திறந்தார். கூடாரத்திலிருந்து அவர் மனைவி நீலா வந்தாள். புனேவின் கட்கியில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

"காலங்காத்தால என்னங்க கையெழுத்து?"

விஸ்வேஸ்வரன் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

"நான் பாக்கறேன்."

"வேணாம் பாபி, லேடீஸ் பாக்கற மாதிரி இல்ல..." அண்ணி முறை வைத்துக் குறுக்கே வந்தான் ஹரிபிரசாத்.

நீலா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"எப்படிச் செத்தான்?"

"குண்டு பட்டுத்தான் பாபி."

"தோட்டாக்குள்ள குண்டே இல்லியே."

ஹரிபிரசாத் சட்டென்று துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தான்.

"பன்னி பாவம்னு நேத்து சாயங்காலம் நான்தான் எல்லாத்தையும் பிரிச்சேன். அப்பா சொல்லிக் குடுத்த வித்தை. ஒவ்வொண்ணுலயும் ஈயக் குண்டு ஒன்பது. எல்லாத்தையும் ஆத்துல கொட்டிட்டு, ரவை போட்டு மூடி வச்சேன்."

"ரவைன்னா குண்டுதானே நீலா?"

"உப்புமா ரவைங்க."

பிறகு பிணத்தின் காதருகே குனிந்து, அதையே மராத்தியில் சொன்னாள். ஒன்பது குண்டு என்கிற இடத்தில் மட்டும் நிறுத்தி, நிதானமாக.

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

சட்டையில் இருந்தது ஆட்டு ரத்தம். ஆள், தமாஷா என்கிற மராத்திக் கூத்தில் ஆடி, இப்போது வேலை இல்லாத நடிகன் தத்தா. புதரை ஆட்ட வேண்டும், வெடிச் சத்தம் கேட்டதும் அலறி விழ வேண்டும். அதற்குத்தான் கூலி.

"சத்தம் மட்டும்தான் வரும்னியே சேட்?" தத்தா மராத்தியில், மிக மெதுவாகக் கேட்டான். "நிஜத் தோட்டாவா போட்டே?"

ஹரிபிரசாத் பின்வாங்கினான்.

நடிகன் என்றால் நாளைக்கே வாய் திறப்பான். பிணம் திறக்காது. ஹரிபிரசாத்துக்கு வேண்டியிருந்தது நிஜப் பிணம்.

விஸ்வேஸ்வரன் தன் வலது ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அது யாருடைய விரலோ போல இருந்தது.

ஹரிபிரசாத் ஆற்றை நோக்கி ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் தத்தா அவன் காலரைப் பிடித்துவிட்டான். அடுத்த கால் மணி நேரத்துக்கு யாரும் நடிக்கவில்லை.

வெடிச் சத்தம் கேட்டு வனக்காவலர் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, ஹரிபிரசாத்தின் கைகள் கூடாரக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. காவலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துக் குழல் முனையை முகர்ந்தார். முகம் சுளித்து மராத்தியில் கேட்டார்.

"என்னம்மா இது... ஒரே கருகின வாசனை?"

நீலா புருஷனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவர் சமைச்சா எப்பவும் அப்படித்தான் சார்."