இரண்டு கிலோ தண்ணீர்

காலை 8.40. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தையல்காரம்மா கொட்டாவி விட்டார். உடனே இன்னொன்று. மூன்றாவது கொட்டாவி பாதியில் நின்றது. தலை தோளில் சரிந்தது, கண்கள் செருகின.

“சிஸ்டர், ஜன்னல் பக்கம் பாருங்க” என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த சுங்கத்தம்மா.

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். கட்டிலின் தலைப்பக்கம் இறங்கியது, கால்பக்கம் உயர்ந்தது, உப்புநீர் மளமளவென்று ஏறியது. ரத்த அழுத்தம் எழுபதுக்கும் கீழே. ஐந்து நிமிடம் கழித்துக் கண் திறந்த தையல்காரம்மா, கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கிறது என்று அழுதார். இரண்டு வாரத்தில் இது நான்காவது முறை.

சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் படுக்கிற அறை அது. ரத்தம் ஒரு குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். உடம்பில் தேங்கிய தண்ணீரையும் இயந்திரமே இறக்கிவிடும். எவ்வளவு இறக்குவது? அதற்குத்தான் வாசலில் தரையோடு தரையாகப் பதித்த பெரிய தராசு. தண்ணீர் தேங்காவிட்டால் ஒருவர் என்ன எடை இருப்பார் என்று எழுதிய ஓர் அட்டை கட்டிலில் தொங்கும். வந்த எடையில் அதைக் கழித்தால் மிச்சமெல்லாம் தண்ணீர். அளவுக்கு மேல் இறக்கினால் ஆள் மயங்குவார். குறைத்து இறக்கினால் தண்ணீர் நுரையீரலில் ஏறி மூச்சு முட்டும். கணக்கு என்னவோ மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான், ஆனால் தப்பினால் உயிருக்கு ஆபத்து.

சுங்கத்தம்மா துறைமுகச் சுங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் சோதனை அதிகாரியாக இருந்தவர். பெட்டியைத் தட்டிப் பார்த்தே அடியில் கள்ள அறை உண்டா என்று சொல்வார் என்று பெயர். இங்கே இடது கை ஊசிகளோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. கண்ணுக்கும் வாய்க்கும் யாரும் கட்டுப் போடவில்லை.

அவருக்கு மறுபக்கத்தில் பேருந்து ஓட்டுநர். அவர் மயங்கவில்லை, நேர்மாறு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் காலுறை பதிந்த தடம் பள்ளமாக இருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் தண்ணீர். மனிதர் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு வெறும் பேச்சோடு போகாது. ஓட்டுநருக்கு அவர் மனைவியின் சிறுநீரகம் பொருந்தியிருந்தது. அடுத்த மாதம் மாற்று அறுவை. ஆனால் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு மாற்று சிறுநீரகம் வைக்க மருத்துவக் குழு ஒப்புக்கொள்ளாது. ‘நோயாளி கட்டுப்பாடு இல்லாதவர்’ என்று தலைமை நர்ஸ் எழுதிய கடிதம் மேஜையில் தயாராக இருந்தது. பதினொரு மணிக்கு டாக்டர் வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

8.55. சுங்கத்தம்மா ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

“உள்ளதைச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீங்க?”

“டாக்டர் சொன்னதுதான். முக்கால் லிட்டர்.”

“ஐஸ்கட்டி, பழம்?”

“இல்லம்மா.”

“பல் தேய்க்கறப்போ?”

“இவ எதிர்லதான் தேய்க்கிறேன்” என்று கால்மாட்டில் இருந்த மனைவியைக் காட்டினார்.

ஓட்டுநர் அதோடு நிறுத்திக்கொண்டார். பொய் சொல்கிறவர்கள் கேட்காத விவரம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள் என்பது சுங்கத்தம்மாவின் அனுபவம். இந்த ஆள் ஒன்றையும் சேர்க்கவில்லை. சுங்கத்தம்மாவுக்கு மூக்கு வியர்க்க ஆரம்பித்தது.

மனைவி குரலைத் தாழ்த்தாமலே பேசினாள். “நானும் முதல்ல நம்பினேன்மா. குழாய்க் கைப்பிடியக் கழட்டி என் பையில வச்சிருக்கேன். குளிக்கப் போனா வெளியில காவல் நிக்கிறேன். அப்புறமும் மூச்சு வாங்குதே? என்னையே ஏமாத்துறவருக்கு எதுக்கு என் உடம்ப அறுத்துக் குடுக்கணும்னு நேத்து கேட்டுட்டேன்.”

ஓட்டுநர் சுவரைப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சுங்கத்தம்மாவுக்கு வலித்தது.

9.20. தலைமை நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவர், அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. தன்னைத் தவிர யார் செய்தாலும் கோணலாகத்தான் செய்வார்கள் என்று திடமாக நம்புகிறவரும்கூட.

“சிஸ்டர், இவங்க ரெண்டு பேரோட இன்னிய எடையைக் கொஞ்சம் படிங்களேன்.”

“உங்களுக்கு எதுக்கு அது?”

“பொழுது போகல.”

நர்ஸ் நோட்டைப் புரட்டினார். “தையல்காரம்மா, வீல்சேரோட எழுபத்து மூணரை. சேர் பத்தொம்பது போக ஐம்பத்து நாலரை. இருக்க வேண்டியது ஐம்பத்து ரெண்டு. இறக்க வேண்டியது ரெண்டரை. டிரைவர், சேரோட தொண்ணூத்து மூணரை. சேர் இருபத்தொண்ணு போக எழுபத்து ரெண்டரை. இருக்க வேண்டியது எழுபது. இவருக்கும் ரெண்டரைதான்.”

“முடிஞ்சு போறப்போ?”

“மறுபடியும் எடை போட்டுத்தான் அனுப்புறேன். அட்டையில இருக்கிற எடை டாண்ணு வந்துடும். மெஷினைக்கூட மாத்திப் பார்த்தாச்சு.”

“வர்றப்போ ஏத்திக்கிட்டு வர்ற தண்ணி?”

“வழக்கமா வர்றதுதான்.”

“அப்போ டிரைவர் திருட்டுத்தனமாக் குடிச்ச தண்ணி தராசுல தெரியலையே. எங்க போச்சு?”

“எக்ஸ்ரேல தெரியுதில்ல? குடிக்காம வானத்துலேர்ந்தா வரும்?”

“ரெண்டு வாரத்துக்கு முன்னால இங்க ஏதாவது மாறுச்சா?”

“மருந்து அதே, ஆட்கள் அதே. சுத்தம்தான் கூடியிருக்கு. சேர்ல ரத்தம் சிந்தினப்போ முதுகுத் துணியக்கூட நானே துவைச்சு மாட்டினேன். வார்டு ஆளுங்கள நம்பினா விளங்குமா?”

நர்ஸ் போனதும் சுங்கத்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவரோ நோயாளிகளை ஒவ்வொருவராக மனத்துக்குள் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். அறையில் எட்டுப் பேர். ஆறு பேருக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஆறு பேரும், தன்னையும் சேர்த்து, தராசில் சொந்தக் காலில் ஏறி நிற்கிறவர்கள். முழங்கால் அறுவை ஆன தையல்காரம்மாவும், பாதத்தில் ஆறாத புண்ணோடு இருந்த ஓட்டுநரும் மட்டும்தான் நாற்காலியோடு ஏறுகிறவர்கள். ஒருவரிடம் தண்ணீர் பற்றவில்லை, இன்னொருவரிடம் மிஞ்சுகிறது. ஒரு கப்பலில் சரக்கு குறைந்து அடுத்த கப்பலில் கூடினால் கடலைச் சந்தேகப்பட மாட்டார் அவர், சரக்குச் சீட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்.

10.05. வார்டு ஊழியர் தரையைத் துடைக்க வந்தார். ஐம்பது வயது, பேச ஆள் கிடைத்தால் துடைப்பதை நிறுத்திவிடுகிற ரகம். மூலையில் கிடந்த இரண்டு சக்கர நாற்காலிகளையும் அவர் வெளியே கொண்டுபோனார். தையல்காரம்மாவின் நாற்காலியில் காலை நீட்டி வைக்க இரும்புத் தாங்கிகள் உண்டு. வாசற்படியில் அதை இரண்டு கையாலும் தம் கட்டித் தூக்கினார். ஓட்டுநருடையதை அவ்வளவு சிரமப்படாமல் தூக்கிப் போனார்.

“ஏன், அது மட்டும் அவ்வளவு கனமா?”

“பின்னே? கால் வைக்கிற இரும்பு இருக்கே. இடுப்பு போயிடும்மா.”

“ரெண்டோட முதுகுத் துணியும் ஒரே அளவா?”

“ஒரே கம்பெனி வண்டிதான். துணி எதை எதுல வேணாலும் மாட்டலாம்.”

“சேரோட எடை எங்க எழுதியிருக்கு?”

“அந்தத் துணியிலதான்.”

சுங்கத்தம்மா வாய்க்குள் சிரித்துக்கொண்டார். பத்தொன்பது, இருபத்தொன்று. நர்ஸ் நோட்டிலிருந்து படித்தபோதே காதில் விழுந்த எண்கள்தான். அப்போது அவரும் அவற்றைக் கோட்டைவிட்டிருந்தார்.

10.30. “சிஸ்டர், ஒரு உதவி. அந்த ரெண்டு சேரையும் காலியா தராசுல ஏத்தச் சொல்லுங்க.”

“வேலை நேரத்துல என்னம்மா விளையாட்டு இது?”

“ஒரு நிமிஷம்தான். கடிதத்துல கையெழுத்து விழுறதுக்கு முன்னால.”

கடிதம் என்றதும் ஓட்டுநரின் மனைவி எழுந்து தராசருகே வந்து நின்றாள். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே தலையசைத்தார். ஊழியர் கால்தாங்கி நாற்காலியைத் தராசில் ஏற்றினார்.

“துணியில என்ன போட்டிருக்கு?” என்றார் சுங்கத்தம்மா, கட்டிலில் இருந்தபடியே.

“பத்தொம்பது” என்றார் ஊழியர்.

“தராசுல?”

“இருபத்தொண்ணு.”

“இப்ப அடுத்தது.”

“துணியில இருபத்தொண்ணு.” ஊழியர் ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொண்டார். “தராசுல பத்தொம்பதும்மா.”

நர்ஸ் தானே குனிந்து தராசின் எண்ணைப் பார்த்தார்.

“சுங்கத்துல லாரிய எடை போடறப்போ காலி வண்டியோட எடையைக் கழிப்போம்” என்றார் சுங்கத்தம்மா. “அந்த எண் தப்பா இருந்தா எவ்வளவு நல்ல தராசும் பொய்தான் சொல்லும். தையல்காரம்மா சேர்ல ரெண்டு கிலோ குறைச்சுக் கழிச்சீங்க. அந்த ரெண்டு கிலோ இரும்பையும் அவங்க உடம்புத் தண்ணின்னு நெனச்சு மெஷின் இறக்குச்சு. டிரைவர் சேர்ல ரெண்டு கிலோ கூடுதலாக் கழிச்சீங்க. அவர் தண்ணி ரெண்டு கிலோ உள்ளயே தங்கிடுச்சு. போறப்பவும் அதே சேர், அதே தப்பு. அதனாலதான் நோட்டுல எல்லாமே சரியா வந்துச்சு. அதுதான் உங்கள ஏமாத்துச்சு. யார் வீட்டுலயும் யாரும் திருடிக் குடிக்கல.”

“துணி எப்படி மாறுச்சு?” என்றாள் ஓட்டுநரின் மனைவி.

பதில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தாலும், அவர்களே சொல்லட்டும் என்று விடுகிற பழக்கம் சுங்கத்தம்மாவுக்கு உண்டு.

தலைமை நர்ஸ் நாற்காலியின் முதுகுத் துணியைத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டையும் ஒண்ணாத்தான் துவைச்சேன்” என்றார் மெதுவாக. “மாட்டினதும் நான்தான். இவர் மாட்டுறேன்னு கேட்டார், நான் குடுக்கல. மாட்டினதுக்கப்புறம் ஒருதரம் எடை போட்டுப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.”



10.50. டாக்டர் வந்தார். நர்ஸ் யாரையும் முந்தவிடாமல், நடந்ததை ஒன்றுவிடாமல் தானே சொன்னார். தன் தவறு என்பதை இரண்டு முறை சொன்னார். கடிதத்தைத் தன் கையாலேயே நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். டாக்டர் ஓட்டுநரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, இன்று ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கட்டும், மீதித் தண்ணீரை அடுத்தடுத்த நாள்களில் பதமாக இறக்கலாம் என்றார். தையல்காரம்மாவுக்கு மெஷின் தண்ணீர் இறக்குவது நிறுத்தப்பட்டது. அவர் இரண்டு வாரமாக நாக்கு வறண்டு கிடந்ததன் காரணம் தெரிந்து, யாரைத் திட்டுவது என்று புரியாமல் பொதுவாகத் திட்டினார்.

ஓட்டுநரின் மனைவி கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நான் அவ்வளவு பேசினேனே, நீங்க ஏன் ஒரு வார்த்த திருப்பிப் பேசல? குடிக்கலடின்னு கத்தியிருக்கலாமே?”

ஓட்டுநர் மூச்சு வாங்கியபடி சொன்னார்.

“முதல் வாரம் சொன்னேன். அப்புறம் டாக்டர் சொல்றாங்க, எக்ஸ்ரே சொல்லுது, நீயும் சொல்ற. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எழுந்து போய்க் குடிச்சிட்டு வர்றேனோன்னு.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சுங்கத்தம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை உண்மையைச் சொல்ல வைத்திருக்கிறார். சொன்ன உண்மையைத் தானே நம்பாமல் போன ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார்.

அழுகை அடங்கியதும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகத் தலைமை நர்ஸின் மேஜைக்குப் போனாள்.

“சிஸ்டர், என்னோட கடைசி டெஸ்ட்டுக்கு எந்தக் கிழமை வரணும்?”