நடுக்குரல்

"கிராமபோனுக்கு மெது ஊசி வாங்கு. போன தரம் மாதிரி முழுச்சத்த ஊசி வாங்கிட்டு வந்தே... கொன்னுடுவேன்!"

வெர்பீனா சமையலறையிலிருந்து கத்தினாள். கையெல்லாம் மாவு. அடுப்பில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' பலகாரம் வெந்துகொண்டிருந்தது.

"கடைக்காரன் எதைக் குடுக்கறானோ அதான்" என்றாள் ஒடெஸ்ஸா, கோட்டை மாட்டிக்கொண்டே.

"தட்டு தேஞ்சுடும்க்கா!"

"நாமளே தேஞ்சாச்சு. தட்டு தேஞ்சா என்ன?"

வெர்பீனா சிரித்தாள். ஒடெஸ்ஸா கதவைச் சாத்தினாள்.

ஹார்லெம். 1958. சனிக்கிழமை பகல், மணி இரண்டரை.

ஒரு டப்பா ஊசி வாங்க ஒருமணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருக்கவில்லை. கிழங்குப் பலகாரம் கருகிய வாசனை.

"வெர்பீனா... அடுப்பு!"



கூடத்தில், வீட்டைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டரின் அடியில், வெர்பீனா கிடந்தாள். நெற்றிக்கு மேல் ரத்தம். கையில் மாவு இன்னும் காயவில்லை.

ஒடெஸ்ஸா அலறினாள்!

*

டிடெக்டிவ் டாலிவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பூட்டு உடையலை. எதுவும் திருடு போகலை. வயசானவங்க... கால் வழுக்கியிருக்கும். அப்படித்தான் எழுதப் போறேன் மிஸ் ஒடெஸ்ஸா."

"அம்பத்தி மூணு வயசெல்லாம் வயசா? அவ மேடையில ஹை ஹீல்ஸ் போட்டு ஆடினவ. வழுக்கி விழறவ இல்லை!"

"ஆதாரம் வேணுமே..."

ஒடெஸ்ஸா அவர் பேனாவைப் பார்த்தாள். இன்றைக்கு அவர் எழுதிவிட்டால், வெர்பீனா என்றென்றைக்கும் வழுக்கி விழுந்தவளாகவே இருப்பாள்.

கிராமபோனில் ஒரு தட்டு இருந்தது. வெள்ளை லேபிள். பெயர் இல்லை, ஊர் இல்லை. 1936இல் மூன்று சகோதரிகளும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனி சோதனைக்காக அழுத்திக் கொடுத்த ஒரே பிரதி. மூத்தவள் கிளியோ இறந்து ஒன்பது வருடம். அதன் பிறகு, சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு வெர்பீனா அதைப் போடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு. வெளியாள் யாருக்கும் அனுமதி இல்லை.

கீழ்வீட்டு பிராட்நாக்ஸ் துடைப்பத்தோடு மேலே வந்திருந்தார். தட்டு முடிந்ததும் துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டு தட்டுவது அவர் வழக்கம். அவர் கைதட்டல் அதுதான்.

"மூணு மணிக்குக் கேட்டேன் ஒடெஸ்ஸா" என்றார். "அதே பாட்டுதான். ஆனா இன்னைக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. கேஸ் போன சோடா மாதிரி. நான் தட்டக்கூட இல்லை."

"என்னமோ மாதிரின்னா?"

"ரெண்டு குரல்தான் கேட்டுது. எப்பவும் மூணு கேக்குமே?"

ஒடெஸ்ஸா கிராமபோனைத் திரும்பிப் பார்த்தாள்.

டாலிவரின் சட்டைக் கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துப் போனாள். காதில் ஏதோ சொன்னாள்.

டாலிவர் பேனாவை மூடினார்.

"அப்போ தட்டு சுத்தறப்போ..."

"அவ செத்துக் கிடந்தா. எவனோ உக்காந்து முழுசாக் கேட்டிருக்கான்!"

"கொலை பண்ணிட்டுப் பாட்டா? எந்தப் பைத்தியம் அப்படிச் செய்யும்?"

"ஒரு ஜாதிப் பைத்தியம் இருக்கு" என்றாள் ஒடெஸ்ஸா. "நாளைக்கு நாலு மணிக்கு வாங்க."

*

ஞாயிறு. நாலு மணி. எட்கர் விட்கோம்ப் வழக்கம்போல் வந்தார். கனெக்டிகட்காரர். பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர். ஆறு வருடமாக ஞாயிறுதோறும் வந்து, சகோதரிகளுக்கே சகோதரிகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர். போட்டுக் கேட்காமல் ஒரு தட்டையும் கையில் எடுக்கமாட்டார். 'அந்த ஆளு சொர்க்க வாசல்லகூட ஒரு பக்கம் போட்டுக் கேட்டுட்டுதான் உள்ளே போவான்' என்பாள் வெர்பீனா.

விஷயம் கேட்டதும் நாற்காலியில் சரிந்தார்.

"ஐயோ... மிஸ் வெர்பீனாவா? நேத்து நான் பாஸ்டன்ல இருந்தேனே!"

"யாரும் கேக்கலையே!" என்றார் டாலிவர்.

"இல்லை... சும்மா சொன்னேன்."

"அந்த வெள்ளை லேபிள் தட்டைக் கேட்டிருக்கீங்களா?"

"எங்கே கேக்க விட்டாங்க! ஆறு வருஷம் முன்னாடி, மாடிப்படியில நின்னு, சாத்தின கதவு வழியா... ஒரே ஒரு தரம்." விட்கோம்ப் கண்களை மூடிக்கொண்டார். "மூணு குரல் சார்! ஒண்ணுக்கொண்ணு ஒட்டி ஒட்டி... முடி நுழைய இடம் இருக்காது. அதுலயும் அந்த நடுக்குரல்... அதைக் கேட்ட நாள்லேர்ந்து நான் சரியாத் தூங்கலை."

ஒடெஸ்ஸா எழுந்தாள். கிராமபோனிலிருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"எடுத்துக்குங்க. வெர்பீனா உங்களுக்குன்னு சொல்லியிருந்தா."

விட்கோம்ப் தட்டைப் பார்த்தார்.

முகம் மலரவில்லை. கை நடுங்கவில்லை. போட்டுக் காட்டச் சொல்லவும் இல்லை!

"மன்னிக்கணும் மிஸ் ஒடெஸ்ஸா... நீங்க துக்கத்துல இருக்கீங்க. இது அது இல்லை."

"லேபிள்ல ஒரு எழுத்துகூட இல்லையே. எப்படித் தெரியும்?"

"இதுல ரெண்டு குரல்தானே இரு..."

நின்றார்.

அறையில் ரேடியேட்டர் மட்டும் புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

"சொல்லுங்க" என்றார் டாலிவர், மெல்ல. "ரெண்டு குரல்தான் இருக்குன்னு எப்போ கேட்டீங்க?"

விட்கோம்பின் உதடுகள் வெளுத்தன.

"தள்ளணும்னு தள்ளலை... தட்டைக் கேட்டேன். தரமாட்டேன்னு சிரிச்சா. பிடிச்சு இழுத்தேன், உதறினேன்... அவ விழுந்துட்டா. மூச்சு இல்லை. அப்புறம்... போட்டுப் பார்த்தேன். இது இல்லை! அலமாரி பூராத் தேடினேன். அந்த மூணு குரல் தட்டை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

ஒடெஸ்ஸா அவரையே பார்த்தாள்.

"அப்படி ஒரு தட்டே கிடையாது."

"பொய்! நான் கேட்டேன்!"

"முப்பத்தாறுல இதைப் பதிஞ்ச அன்னைக்கு வெர்பீனா ஆஸ்பத்திரியில இருந்தா. பொறந்த குழந்தை தங்கலை. கிளியோ மேல்குரல், நான் கீழ்க்குரல். அவ பாட வேண்டிய இடத்தை அப்படியே விட்டுட்டுப் பாடினோம். அவ வந்ததும் மறுபடி பதியலாம்னு. அதுக்குள்ள கம்பெனி எங்களைக் கழட்டி விட்டுடுச்சு. இதைப் போடறப்பெல்லாம், இதோ, இந்த நாற்காலியில உக்காந்து அவ பாடுவா. நடுவுல."

விட்கோம்ப் மடியிலிருந்த தட்டைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க படியில நின்னு கேட்டீங்களே அந்த நடுக்குரல்... அதைத்தான் நேத்து ரேடியேட்டர்ல மோத விட்டுட்டு, அலமாரியில தேடியிருக்கீங்க!"

கைவிலங்கு கிளிக்கென்று விழுந்தது.

கதவருகே டாலிவர் தயங்கினார்.

"மிஸ் ஒடெஸ்ஸா... தட்டு கோர்ட்டுக்கு வேணும். ஜூரி முன்னால போட்டுக் காட்டணும்."

ஒடெஸ்ஸா தட்டைக் காகித உறையில் போட்டாள். மேசை மீதிருந்த ஊசி டப்பாவையும் எடுத்து நீட்டினாள். பிரிக்காத டப்பா. மெது ஊசி.

"கொண்டு போங்க. ஆனா ஜூரியில எவனும் கூடப் பாடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிடுங்க" என்றாள். "நடு இடம் இருபத்திரெண்டு வருஷமா ரிசர்வ்டு!"